கணவன் மறைத்ததும் மனைவி கண்டதும்: ‘அந்த நாள்’ – ஒரு மறுவாசிப்பு

கணவன் மனைவியரிடையே புதைந்து கிடக்கும் ஓர் இரகசியம், அதனைக் காக்கும் பொருட்டுச் செய்யப்படும் வஞ்சனை, இறுதியில் ஓர் உயிரிழப்பு என்னும் அமைப்பில் எழும் உளவியல் மர்மக் கதைகள் ஆங்கிலத்தில் பெருவழக்காகிவிட்டன. கில்லியன் ஃபிளினின் ‘கான் கேர்ள்’ (2012), பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்’ (2015) ஆகியன இவ்வகைக்கெனத் தனிச்சந்தையையே உருவாக்கின. நம் மாணவர் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர். நாமோ மர்மக் கதை என்றதுமே அது பாடத்திட்டத்திற்குப் புறம்பானது என ஒதுக்கிவிடுகிறோம். இவ்வொதுக்கல் நம் காப்பிய மரபையே மறந்த ஒன்றாகும்.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதை இவ்வகையைச் சார்ந்ததே. அந்நூலில் இன்று கிடைப்பன பத்தொன்பது பாடல்களே எனினும், கதைப்போக்கு நீலகேசி உரையால் அறியப்படுகிறது. கொலைக்களத்திற்கு இட்டுச் செல்லப்பட்ட கள்வனைக் காதலித்து மணக்கிறாள் பத்திரை. ஊடலின்போது அவள் அவனைக் கள்வன் எனச் சுட்டிச் சொன்ன ஒரு சொல் அவன் நெஞ்சில் தைக்கிறது. அவளைக் கொல்லும் எண்ணத்தை மறைத்து மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவளும் தன் எண்ணத்தை மறைத்து, வலம் வந்து வணங்குவாள்போல் பின்சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். வஞ்சனைக்கு வஞ்சனை, அதற்கு வணக்கமே போர்வை! 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ இக்கதையைத் திரைக்குக் கொண்டு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1954 ஏப்ரலில், கணவனைக் கொன்ற மனைவியின் கதையொன்று முற்றிலும் வேறான வடிவில் வெளிவந்தது. எஸ். பாலசந்தர் இயக்கி, ஜாவர் சீதாராமன் எழுதி, ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’ அது.

சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 1943 அக்டோபர் 11ஆம் நாள், வானொலிப் பொறியாளன் இராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, இராஜனுடன் தொடர்பு கொண்டிருந்த அம்புஜம் எனப் பலரும் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் மற்றொருவரை ஐயுறுகின்றனர். இறுதியில் மனைவி உஷாவின் கூற்று உண்மையை வெளிப்படுத்துகிறது. இராஜன் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்ற உளவாளி. குண்டு பாய்ந்தது உஷாவின் கைத்துப்பாக்கியிலிருந்து.

இப்படத்தை அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தின் வழிவந்ததாகக் கூறுவது வழக்கம். இயக்குநர்க்கு அதுவே தூண்டுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டின் எடுத்துரைப்பும் வேறு. ‘ரஷோமோன்’ படத்தில் ஒரே நிகழ்ச்சி பற்றிய கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன; எது மெய் என்பது இறுதிவரை தெளிவதில்லை. இங்கோ முதற்கூற்றுகள் யாவும் ஊகங்களே. கடைசிக் கூற்று மட்டுமே மெய். மேலும், அங்கே இறந்த கணவனும் ஆவியாக வந்து தன் பக்கத்தைப் பேசுகிறான். இங்கே இறந்தவனுக்குப் பேச்சுரிமை இல்லை. தன் வானொலித் திட்டத்தை அரசு புறக்கணித்ததால் அவன் மாற்றாரிடம் சென்றான் என்னும் செய்தியும் உஷாவின் நினைவின் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. வழக்கின் தீர்ப்பை எழுதுபவளே ஒரே சாட்சியாகவும் நிற்கிறாள்.

இப்படத்தில் பாடல் இல்லை என்பதைப் புதுமை எனப் பாராட்டிவிட்டு அப்பால் செல்வோரே மிகுதி. அதன் விளைவு என்ன என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா. தமிழ்த் திரைப்படத்தில் பாடல் என்பது பாத்திரம் தன் நெஞ்சைத் திறந்து காட்டும் இடம். பொய்யனும் பாடும்போது பொய் சொல்வதில்லை. அவ்வாயிலை அடைத்துவிட்டதால் இராஜனின் உள்ளத்தைக் காண நமக்கு வழியே இல்லாமற் போகிறது. மனைவிக்கு அவன் எவ்வாறு மூடியவனோ அவ்வாறே நமக்கும் மூடியவன்.

இனி, கொலைக்குச் சொல்லப்படும் காரணத்தைக் கருதலாம். அம்புஜத்துடன் கணவன் கொண்ட தொடர்பு ஒன்றே உளவியல் மர்மக் கதைக்குப் போதிய கருப்பொருள். இப்படமோ அதனை ஐயத்தின் படிகளுள் ஒன்றாக மட்டும் வைத்துக் கடந்துவிடுகிறது. பத்திரை தன்னுயிர் காக்கக் கொன்றாள். உஷாவுக்கு அவ்வுரிமையும் தரப்படவில்லை, துரோகத்தால் புண்பட்டவளின் சினமும் தரப்படவில்லை. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனையும் பண்டரிபாயையும் இணையாகக் கண்ட அவையோர்முன், அதே பண்டரிபாய் கணவனைச் சுட வேண்டுமாயின் கற்பினும் பெரிய ஒன்றை அவள் பக்கம் நிறுத்தியாக வேண்டும். அதுவே தேசம். மணவாழ்வின் வஞ்சனை தேசத்துரோகமாக மாற்றப்படுகிறது. மனைவி குற்றமற்றவள் ஆகிறாள். தேசம் என்னும் அந்தக் காரணம் ஐயமற்றதாக இருக்கும்வரை இவ்வமைப்பு நிலைக்கும்.

பினாங்கிலிருந்து பார்க்கையில் அக்காரணமே ஆட்டங்காண்கிறது. வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் இத்தீவில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டவர்கள். கரையேறியதும் பிடிபட்டனர், 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் காதர் தூக்கிலிடப்பட்டார். அன்றைய அரசுக்கு அவர் எதிரியின் கையாள். இன்றைய இந்தியாவிற்குத் தியாகி. இராஜன் சுடப்படும் நாள் அதற்கு ஒரு மாதம் பிந்தியது. சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்த அக்டோபர் 21க்குப் பத்து நாள் முந்தியது. எந்த நாட்டைக் காட்டிக் கொடுத்தான் என்று உஷா அவனைக் குற்றஞ்சாட்டுகிறாளோ, அந்த நாடு அப்பொழுது யாருடையது? விடுதலை வேட்கை மிக்கவளாகக் காட்டப்படும் உஷா அவ்வினாவை எழுப்பவேயில்லை. விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட படம், 1943க்குரிய நாட்டுப்பற்றை 1954இன் நாட்டுப்பற்றாக மாற்றித் தருகிறது. படத்திற்குள் எவரும் துப்பறியாத இரகசியம் இது.

இதனால் இராஜனைத் தியாகியாக்கி விடலாகாது. பொருளுக்கும் புகழுக்கும் விலைபோனவன் அவன். காதரோடு வைத்து எண்ணத்தக்கவன் அல்லன். 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ் டவுன் மீது விழுந்த குண்டுகளையும், 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையில் மாண்ட தோட்டத் தமிழரையும் நினைப்போர்க்கு ஜப்பானியர் மீட்பராகத் தோன்றவும் வழியில்லை. பினாங்கின் சுவராஜ் பயிற்சி நிறுவனத்தை நடத்திய வழக்கறிஞர் என். இராகவன், தம் இசைவின்றி இளைஞர்கள் அனுப்பப்பட்டதை எதிர்த்து அதனை மூடிவிட்டார். கூட்டாளிகளிடையேயும் இரகசியமும் வஞ்சனையும் இருந்தன.

வானொலியை முன்வைத்து வகுப்பில் ஓர் ஒப்பீடு செய்யலாம். இராஜன் வானொலியில் ஜப்பானியரோடு தொடர்பு கொண்டது துரோகம். 1941 டிசம்பரில், ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் ஓசையின்றி அப்புறப்படுத்திச் சென்றபின், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையின் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரில் இனிப் படையில்லை, குண்டு வீச வேண்டா என ஜப்பானியருக்கு வானொலி வழியே அறிவிக்கவும் செய்தார். எதிரிக்குச் செய்தி அனுப்பிய அச்செயலால் எஞ்சியோர் உயிர் பிழைத்தனர். அவரையே ஜப்பானியர் பின்னர்ச் சிறையிலிட்டனர். இவ்விரு வானொலிச் செய்திகளையும் அருகருகே வைத்து, உஷாவின் கூற்றை மீண்டும் ஒருமுறை கேட்குமாறு மாணவரைப் பணிக்கலாம்.