காதுவழித் தூக்கம்: ஒரு காப்புரிமையின் மூன்று பகுதிகள்

பகலில் கால் மணி நேரம் கண்ணயர உதவும் ஒலிச் சாதனங்கள் இன்று கைபேசிச் செயலிகளாக ஏராளமாகக் கிடைக்கின்றன. மழை, கடலலை, மின்விசிறி என்று வேண்டிய ஒலியை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு அடியில் ‘டெல்டா’, ‘தீட்டா’ என்று ஏதாவது ஓர் அலையையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘இருபது நிமிடம் டெல்டா கேட்டால் நான்கு மணி நேரம் தூங்கியதற்குச் சமமாமே?’ என்று தேர்வுக் காலத்தில் மாணவர்கள் கேட்கிறார்கள். இரவுத் தூக்கத்தை விட்டுவிட இதை ஒரு நியாயமாகவே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனவே இச்சாதனங்களின் முன்னோடி ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதில் எந்த உறுப்பு வேலை செய்கிறது, எது வெறும் அலங்காரம் என்று ஆராய்வது பயனுள்ளது.

அந்த முன்னோடி, ராபர்ட் மன்ரோ என்ற அமெரிக்கருக்கு 1975-ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட 3,884,218 என்ற எண்ணுள்ள காப்புரிமை. மன்ரோ மருத்துவரோ உடலியல் அறிஞரோ அல்லர். வானொலித் துறையில் தொழில் செய்தவர். மனிதரிடம் தூக்கத்தின் பல்வேறு கட்டங்களை உண்டாக்கி நீடிக்கச் செய்யும் முறை என்பது அவருடைய காப்புரிமையின் பொருள். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, கேட்பவர் தமக்குப் பழக்கமான, இனிமையான, திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒலியைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சுற்றுப்புற இரைச்சலை விஞ்சும் அளவுக்கு அதன் உரப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, அந்த ஒலியைத் தூங்கும் மூளையின் மின்னலை வடிவத்தைக் கொண்டு பண்பேற்றம் செய்ய வேண்டும். பண்பேற்றம் நமக்குப் புதிதன்று. வானொலியில் ஊர்தி அலையின் மீது பேச்சொலியை ஏற்றுகிறோமே, அதே வித்தைதான். வானொலிக்காரருக்கு இந்த யோசனை தோன்றியது இயல்பே!

இரண்டாவது பகுதியிலிருந்து தொடங்குவோம். இயற்பியல் மாணவருக்கு மிகவும் சுவையானது அதுதான். அமைதியான அறையில் பின்னணி ஒலி 35 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது; அறைக்குள் அது 60 டெசிபெல் ஆகக் கேட்கிறது. ஏற்றம் 25 டெசிபெல். அதாவது ஒலியின் செறிவு ஏறத்தாழ 316 மடங்காகிறது. இனி அறையில் 50 டெசிபெல் அளவில் சீரான மழை ஒலியை ஓடவிடுவோம். பின்னணி இப்போது 50 டெசிபெல். பழைய 35 அதில் கரைந்துவிடும். ஹாரன் வரும்போது மொத்தம் 60.4 தான். ஏற்றம் 10 டெசிபெல்லை ஒட்டியது. செறிவு 11 மடங்குதான் ஆகிறது. ஹாரன் ஒலி சிறிதும் குறையவில்லை, ஆனால் அது தந்த திடுக்கம் குறைந்துவிட்டது. தூங்குபவரை எழுப்புவது இந்தத் திடுக்கமே. தீவிர சிகிச்சைப் பிரிவின் இரைச்சலைப் பதிவு செய்து தூங்குவோரைக் கேட்கவைத்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. உச்ச ஒலி எவ்வளவு என்பதைவிட, பின்னணிக்கும் உச்சத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடே விழிப்பை நிர்ணயிக்கிறது என்று அது காட்டியது. மின்வெட்டில் விசிறி நின்றதும் நாம் விழித்துக்கொள்வதற்குப் புழுக்கம் மட்டும் காரணமல்ல. நாய்க் குரைப்பை மூடியிருந்த போர்வையும் அப்போது விலகிவிடுகிறது.

ஆனால் ‘விஞ்சும் அளவுக்கு’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. விசைத்தறிக் கூடத்தை ஒட்டியோ, கலியாண மண்டபத்து ஒலிபெருக்கிக்கு எதிரிலோ குடியிருப்பவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த இரைச்சலை விஞ்சப் புறப்பட்டால் செவிப்புலன் கெடும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மேற்கொண்டு ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் இந்த நேரம் பாதியாகும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

முதற்பகுதியும் பொருளுள்ளதே. புதிய ஒலி எதுவாயினும் நம் கவனத்தை இழுக்கும். திரும்பத் திரும்ப வரும் பழகிய ஒலியை மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிடும். தூக்கத்திலும் காது திறந்தே இருக்கிறது. தூங்குபவர்கள் மற்றப் பெயர்களைவிடத் தம் பெயருக்கே கூடுதலாக அசைகிறார்கள் என்பதை 1960-இலேயே சோதனையில் கண்டிருக்கிறார்கள். ஆகவே பொருளுள்ள சொற்கள் நிறைந்த பேச்சைவிடப் பொருளற்ற மழை மேல். எந்த ஒலி இனிமை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கடற்கரைவாசிக்கு அலை தாலாட்டு, மலையூர்க்காரருக்கு அதுவே தொந்தரவாகலாம். தேர்வைக் கேட்பவரிடமே விட்டது மன்ரோவின் நல்ல முடிவு.

ஆயினும் இவ்விரண்டும் அவருக்கு முன்பே இருந்தவை. ஜேம்ஸ் பக்வால்ட்டர் என்பவர் 1962-இல் ஒரு சிறு விசிறியைக் கூட்டுக்குள் அடைத்து, காற்று புகும் துளைகளைத் திருகிச் சுருதியை மாற்றக்கூடிய தூக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இர்வ் டைபல் 1969-இல் கடலலை ஒலியை ஐ.பி.எம். 360 கணிப்பொறியில் பதப்படுத்தி இசைத்தட்டாக வெளியிட்டார். அப்படியானால் மன்ரோவின் புதுமை மூன்றாம் பகுதியில்தான் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும்.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. கண்ணை மூடி ஓய்ந்திருக்கையில் விநாடிக்கு 8 முதல் 13 அதிர்வுகள் உள்ள ஆல்ஃபா அலை தெரியும். தூக்கம் கவியும்போது 4 முதல் 8 வரையிலான தீட்டா. ஆழ்ந்த தூக்கத்தில் 4-க்கும் குறைவான டெல்டா. இவை யாவும் தூக்கத்தின் அடையாளங்கள். அடையாளத்தை வெளியிலிருந்து புகுத்தினால் தூக்கமே வந்துவிடும் என்பது மன்ரோவின் ஊகம். காய்ச்சல் வந்தால் வெப்பமானியில் பாதரசம் ஏறும், உண்மைதான். வெப்பமானியை வெந்நீரில் முக்கினால் நோயாளிக்குக் காய்ச்சல் வருமா?

மேலும், 20 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. 2 ஹெர்ட்ஸ் டெல்டாவை எப்படி ஊட்டுவது? பண்பேற்றம் ஒரு வழி. மற்றொரு வழியை மன்ரோ பின்னாளில் ‘ஹெமி-சிங்க்’ என்ற பெயரில் பரப்பினார். அதற்கு அடிப்படை விம்மல்கள். 400, 402 ஹெர்ட்ஸ் கொண்ட இரு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால் விநாடிக்கு 2 விம்மல்கள் கேட்கும் என்பதை ஆய்வகத்தில் அனைவரும் கண்டிருப்போம். ஒரு காதில் 400, மறு காதில் 402 என்று தனித்தனியே செலுத்தினால்? காற்றில் அலைகள் கலக்கவே இல்லை; இருப்பினும் மெல்லியதொரு விம்மல் கேட்கிறது. இரு காதுகளின் செய்திகளும் மூளைத்தண்டில் சந்திப்பதால் விளைவது அது. ஹைன்ரிக் டோவ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ட இவ்விந்தையை, ஜெரால்ட் ஆஸ்டர் 1973-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விரிவாக எழுதினார். உண்மையான, அழகான நிகழ்வு. (ஹெட்போன் இல்லாமல் ஒரே ஒலிபெருக்கியில் கேட்டால் அலைகள் காற்றிலேயே கலந்துவிடும், கேட்பது சாதாரண விம்மலே.)

ஆனால் விம்மல் கேட்கிறது என்பது வேறு. முழு மூளையும் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கிவிடுகிறது என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள அகழியை விளம்பரம் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. இது தொடர்பான 14 ஆய்வுகளை 2023-இல் தொகுத்துப் பார்த்தபோது, மூளை அலைகள் விம்மலைப் பின்பற்றுகின்றன என்பதற்கு 5 ஆதரவாகவும் 8 எதிராகவும் இருந்தன, ஒன்று இரண்டுங்கெட்டான். காப்புரிமை ஒரு யோசனையின் புதுமைக்குத் தரப்படுவது. அது மருத்துவச் சான்றிதழ் அன்று.

நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரைச்சலைக் கொண்டு தூங்கவைப்பது பற்றிய 38 ஆய்வுகளை 2021-இல் பரிசீலித்தவர்கள், அவற்றின் சான்றும் மிகத் தரக்குறைவானது என்றே எழுதினார்கள். போர்வை ஒலி சந்தடியுள்ள இடத்தில் உதவும்; அமைதியான அறையில் அதனால் என்ன நன்மை என்பது நிறுவப்படவில்லை. மற்றொரு புறம், மூன்றாம் பகுதி முழுக்க வெறுங்கனவும் அன்று. 2013-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஏற்கனவே தூங்கிவிட்டவர்களின் மெதுவான மூளை அலை மேலெழும் தருணத்தைப் பார்த்து, அதே கணத்தில் சிறு ஒலியைக் கேட்கச் செய்தார்கள். அலை வலுத்தது; முந்தின நாள் படித்ததும் கூடுதலாக நினைவில் நின்றது. ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளுவது போன்றது இது. தருணம் தப்பினால் ஊஞ்சல் மேலெழாது. தலையில் மின்முனைகள் இன்றி, யாரோ ஒருவருடைய அலை வடிவத்தை எல்லோர் காதிலும் ஓட்டும் பதிவுக்கு அந்தத் தருணம் எப்படித் தெரியும்?

நிற்க. பகல் தூக்கத்துக்கு டெல்டா தேவையா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பப்பட்டவர் சிறிது நேரம் மந்தித்துப் போகிறார். கூட்டல் கணக்குக்கூடத் தடுமாறும். குட்டித் தூக்கத்தின் நோக்கமே அந்த ஆழத்துக்குப் போகுமுன் எழுந்துவிடுவதுதான். 5, 10, 20, 30 நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்ட 2006-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், விழித்தவுடனேயே தெளிவு தந்தது 10 நிமிடம். 30 நிமிடம் தூங்கியவர்களுக்கு முதலில் மந்தமும் பிறகே தெளிவும் வந்தன. ஆகவே ‘டெல்டா குட்டித் தூக்கம்’ என்று விற்கப்படும் சாதனம், தான் சொன்னபடியே வேலை செய்தால் வாங்கியவருக்கு நஷ்டம்! செயலிகளில் உள்ள உறுப்புகளுள் நான் முதல் மதிப்பெண் தருவது, குறித்த நேரத்தில் ஒலியை மாற்றி எழுப்பிவிடும் கடிகாரத்துக்குத்தான். அதைத் திருத்தி வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தின இரவு சரியாகத் தூங்காதவர் வழக்கத்தைவிட விரைவில் ஆழ்தூக்கத்தில் விழுந்துவிடுவார். அவருக்கு இருபது நிமிடமே அதிகமாகலாம். இரவெல்லாம் விழித்துப் படித்த மாணவர் கடிகாரத்தை இன்னும் முன்னதாக அடிக்கும்படி வைத்துக்கொண்டு, அன்றிரவு நேரத்தோடு படுக்கப் போக வேண்டும்.