கைக்குட்டை வைத்திருப்பவர்

கிழவர்களைச் சினிமாக்காரர்கள் இரண்டே காரியங்களுக்குத்தான் உபயோகப்படுத்துவார்கள். ஒன்று, கட்டிலில் கிடந்து இரும வேண்டும். இல்லாவிட்டால், புத்தி சொல்ல வேண்டும். நான்ஸி மையர்ஸ் என்ற அம்மையார் எழுதி டைரக்ட் செய்து 2015-ல் வெளிவந்த 'தி இன்டர்ன்' என்ற அமெரிக்கப் படத்தில் வரும் பென் விட்டக்கர் இருமுவதில்லை. கேட்காமல் புத்தி சொல்வதும் அபூர்வம்.

கதை சின்னது. பென்னுக்கு வயது 70. மனைவியை இழந்தவர். டெலிபோன் டைரக்டரி போடும் கம்பெனியில் 40 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பொழுது நகரவில்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில், இன்டர்நெட் மூலம் துணிமணி விற்கும் ஒரு புதுக் கம்பெனி, வயதானவர்களை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்கிறது. அதில் போய்ச் சேருகிறார். முதலாளி ஜூல்ஸ் ஆஸ்டின் இளம் பெண். 18 மாதத்தில் 220 பேர் வேலை செய்யும் இடமாக அதை வளர்த்தவள். நடந்தால் நேரமாகும் என்று ஆபீஸுக்குள்ளேயே சைக்கிள் விடுகிறவள். கிழவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் வேலை எதுவும் கொடுப்பதில்லை.

வேலை கொடுக்காத ஆபீஸில் மனிதன் என்ன செய்வான்? பென் சுற்றிலும் பார்க்கிறார். எல்லோரும் கண்டதையும் கொண்டு வந்து போடும் மேஜை ஒன்று நெடுநாளாக ஜூல்ஸின் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அதிகாலையிலேயே வந்து சுத்தம் செய்து வைத்துவிடுகிறார். அவளுடைய டிரைவர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ரகளை எதுவும் பண்ணாமல், தானே காரை ஓட்டுகிறார்.

படத்தில் எனக்கு உயர்வாகத் தோன்றிய இடம் இதற்கு அடுத்தபடி வருகிறது. இவ்வளவு உதவி செய்தவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடும்படி ஜூல்ஸ் சொல்லிவிடுகிறாள். அவள் சொல்லும் காரணம், அவர் எதையும் கூர்ந்து கவனிக்கிறார் என்பதுதான். வாஸ்தவமான மனித சுபாவம் இது. நம்மைக் கவனிக்க யாருமில்லையே என்று ஏங்குகிறோம். ஒருவர் கவனிக்க ஆரம்பித்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிறகு அவளே வருந்தி, மன்னிப்புக் கேட்டு, அவரைத் திரும்ப அழைத்துக்கொள்கிறாள். நட்பு அங்கேதான் பிறக்கிறது. அதைக் காதலாக்காமல், தகப்பன் மகள் பாசமாகவும் ஆக்காமல் கடைசி வரை நட்பாகவே வைத்திருந்ததற்கு டைரக்டரைப் பாராட்ட வேண்டும்.

நடிகர் தேர்விலும் ஒரு குறும்பு இருக்கிறது. 2006-ல் 'தி டெவில் வேர்ஸ் பிராடா' படத்தில் கொடுமைக்கார எஜமானியிடம் பாடுபட்ட ஆன் ஹாத்வே இங்கே எஜமானி. 1976-ல் 'டாக்ஸி டிரைவர்' படத்தில் கண்ணாடி முன் நின்று நம்மை நடுங்க வைத்த ராபர்ட் டி நிரோ, இங்கேயும் கண்ணாடி முன் நிற்கிறார். எதற்காக? கண் கொட்டாமல் பார்ப்பவர்களை முதலாளிக்குப் பிடிக்காது என்பதால், கண் கொட்டிப் பழகுவதற்காக!

ஆனால் என் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். பென் அளவுக்கு மீறி நல்லவர். 70 வருஷத்தில் ஒரு மனிதன் யாரிடமும் சிடுசிடுக்காமல், யாருக்கும் துரோகம் செய்யாமல், எதற்கும் வருந்தாமல் இருந்திருக்க முடியுமா? அந்த ஆபீஸ் கட்டடம், முன்பு டெலிபோன் டைரக்டரி தயாரான இடந்தான். பென் தம் வாழ்நாளைக் கழித்த அதே இடம். அச்சான டைரக்டரிக்குச் சாவுமணி அடித்ததும் அந்த இன்டர்நெட்தான். தன் தொழில் செத்த இடத்திலேயே, அதைக் கொன்ற தொழிலுக்கு அப்ரண்டிஸாக ஒருவர் வந்து உட்காருகிறார்! இதை அவர் ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டே, சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஒரு நாவலுக்கான விஷயம், ஒரு பேச்சோடு முடிந்துவிடுகிறது.

ஜூல்ஸின் கணவன் விவகாரமும் இப்படித்தான். வேலையை விட்டு வீட்டையும் குழந்தையையும் கவனிக்கும் அவன் இன்னொருத்தியோடு தொடர்பு வைத்துக்கொள்கிறான். குடும்பத்துக்காகக் கம்பெனியின் தலைமையை வேறொருவரிடம் கொடுத்துவிட அவள் தயாராகிறாள். பென் வேண்டாம் என்கிறார்; அப்போதும், அவளே வந்து கேட்ட பிறகு. இதுவரை நியாயம். கணவன் ஓடி வந்து அழுததும் எல்லாம் சரியாகிவிடுவதுதான், கடை மூடும் நேரத்து அவசரம்.

இருந்தாலும் இதை அற்பமான படம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கைக்குட்டை எதற்கு என்ற பேச்சு வரும்போது, பிறருக்குக் கொடுப்பதற்குத்தான் என்கிறார் பென். அனுபவமும் அப்படிப்பட்ட சாமான்தான். மடித்துப் பையில் வைத்திருக்க வேண்டும். அழுகிறவர் கை நீட்டும்போது கொடுக்க வேண்டும். அழாதவர் முகத்தையும் எட்டித் துடைக்கப் போகும் கிழவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவர்களும், அவர்களுக்குப் பயந்து ஓடும் இளைஞர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம்.