பேக்கருக்கு அடுத்த அத்தியாயம்

வீடு, சிக்கனம், சொந்தக் கை என்று யாராவது பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் லாரி பேக்கர் பெயர் வந்துவிடும். வரவேண்டியதுதான். கட்டுமானச் செலவைக் குறைப்பது பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் 1986-ல் கேரளத்தின் காஸ்ட்ஃபோர்டு அமைப்பு மூலமாக வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவரே வரைந்த படங்கள், பக்கத்தில் கையெழுத்திலேயே விளக்கம். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த ஒரு ஆர்க்கிடெக்ட், மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே மொழியில் பேசிய புத்தகம் அது.

கெலவரப்பள்ளியில் வீடு கட்டும்போது அதை முதல் தடவை படித்தேன். போன டிசம்பருக்கு அப்புறம் மறுபடியும் படித்தேன். இந்தத் தடவை வேற மாதிரி பட்டது.

முதலில் அதன் பலம். "இது தேவையா, ஏன் தேவை?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வைக்கிறார். எலிப்பொறிக் கட்டு நல்ல உதாரணம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ஒன்பது அங்குலச் சுவர். சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. பூச்சு வேண்டாம் என்று அவர் சொன்னதைப் பலரும் அழகுக்காகப் பாராட்டுகிறார்கள். என் கணக்கில் அதோட பெரிய லாபம் வேற: பூசாத சுவரில் விரிசலும் ஈரமும் ஒளிய முடியாது. வந்த அன்னைக்கே கண்ணில் படும்.

இப்போ குறை. புத்தகம் சாவி கையில் வாங்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. எலிப்பொறிக் கட்டில் அலமாரி மாட்டப் போனால் ட்ரில் மூணு அங்குலம் தாண்டியதும் வெற்றிடத்தில் இறங்கும். சாதாரண பிளக் பிடிக்காது. எங்க பக்கம் நிறையப் பேர் கட்டும் ஹாலோ பிளாக் சுவரிலும் இதே கதைதான். காங்கிரீட் வேலை செய்யாத இடத்தில் மங்களூர் ஓடு வைத்து நிரப்பும் தளத்தில், கம்பி எங்கே ஓடு எங்கே என்று தெரியாமல் துளை போடவே கூடாது. கட்டின மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும். பத்து வருஷம் கழித்து ட்ரில்லோடு நிற்கிறவருக்குத் தெரியாது. எங்க தொழிலில் டாக்குமென்டேஷன் இல்லாத கோடை வாங்கிக்கொண்டு முழிப்போமே, அதே நிலைமை.

இந்தக் காலியிடத்தை இன்னைக்கு வீடியோக்கள் நிரப்புகின்றன. நானும் நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானதில் "எப்படி" இருக்கு, "ஏன்" இல்லை. சுவர் உப்புப் பூக்குதா? சுரண்டு, இந்த டப்பாவை வாங்கு, ரெண்டு கோட் அடி. தண்ணீர் எங்கிருந்து வருது என்று யாரும் கேட்பதில்லை. ஈரமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பார்த்தாலே பாதி தெரியும். ஷீட்டுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவர் வழியாக வருது. முன்பக்கம் முத்து முத்தாக இருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம். முதலாவதுக்கு வெளிப்பக்கத்தையும் குழாயையும் பார்க்கணும், ரெண்டாவதுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். பேக்கர் கேட்ட "ஏன்" இங்கேதான் அதிகம் தேவைப்படுது.

சரி, எதுவரைக்கும் நாமே செய்யலாம்? இதற்கு நான் பார்த்ததில் நல்ல பதில் ஒரு சட்டத்தில் இருக்கு. 1956-ன் இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யணும் என்றது. ஆனால் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை மாற்றலாம் என்றும் சொன்னது, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாத வரைக்கும். 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் இதே கோட்டைத்தான் போட்டன. திறன், தன்மை: இந்த ரெண்டு சொல்லையும் வீடு முழுக்கப் பொருத்திப் பாருங்க. குழாய் வாஷர் மாற்றுவது நம்ம வேலை. தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் உதிர்ந்தால் நம்ம வேலை இல்லை. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மேலே சிமென்ட் பூசினால் உள்ளே தொடர்ந்து வெடிக்கும்.

ஆனால் இந்த விதியிலும் ஒரு ஓட்டை இருக்கு. செய்வதை மட்டும்தான் பிரித்தது. செய்ததைச் சரிபார்ப்பது யார் வேலை என்று வீட்டுக்காரருக்குச் சொல்லித் தரவில்லை. போன டிசம்பரில் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஓசூர் குளிரில் கீசர் இல்லாத வீடு குறைவு. எங்க வீட்டில் கீசர் போட்டாலே ஆர்.சி.சி.பி. விழுந்தது. எலெக்ட்ரீஷியன் வந்தார், பத்து நிமிஷம், "சரியாயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே அப்புறம் விழவில்லை. மூணு வாரம் கழித்து, எங்கேயோ படித்த ஞாபகத்தில், ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டி' பட்டனை அழுத்தினேன். வீடு இருட்டானது. குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கீசர் லைனை மட்டும் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாடியே பிரித்துக் கொடுத்திருந்தார். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. அந்த மூணு வாரமும் அம்மா தினமும் அந்தக் கீசர் தண்ணீரில்தான் குளித்தார். மெயினை அணைத்துவிட்டு வேற ஒருவரைக் கூப்பிட்டேன். போர் தண்ணீரின் உப்பு எலிமென்ட்டில் ஓடு மாதிரி படிந்து, சூடு தாங்காமல் அதன் உறை விரிந்திருந்தது. எலிமென்ட்டை மாற்றி, லைனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். நான் எந்த வயரையும் தொடவில்லை. ஒரு பட்டனை அழுத்தியதுதான் என் பங்கு.

அதனால் பேக்கருக்கு அடுத்த அத்தியாயத்தை யாராவது எழுதினால், ட்ரில் பிடிப்பது எப்படி என்று தொடங்க வேண்டாம். பூச்சுக்கு முன்னாடி எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்க, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்க, வேலை முடிந்ததும் ஆள் கிளம்புவதற்கு முன்னாடி சோதித்துப் பாருங்க என்று தொடங்கட்டும். எங்க வீட்டு டி.பி. கதவின் உள்பக்கம் இப்போ ஒரு தாள் ஒட்டியிருக்கு. மாசம் முதல் ஞாயிறு 'டி' பட்டனை அழுத்தித் தேதி போடுவது அம்மா. கீசர் விளக்கு அணைந்ததா என்று எட்டிப் பார்ப்பதும் அவர்தான்.