தறிக்கூடத்தில் ஒட்டாத ஸ்டிக்கி நோட்

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆடித்தபசு சமயத்தில் கடைக்கு வருகிறவர்களுக்கு இந்த முறை மஞ்சப்பை வேண்டாம், ஸ்டிக்கி நோட் கொடுப்போம் என்றார் முதலாளி அண்ணாச்சி. அதுவும் சதுரமாக இருக்கக் கூடாதாம். பார்த்ததும் தறி ஞாபகம் வர வேண்டுமாம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மூன்று வடிவங்களில் மாதிரி போட்டு வாங்கினோம்: தறி நாடா, மல்லிகைப் பூ, மடித்த சேலை. ஒரு மாதம் மூன்றையும் புழங்கிப் பார்த்தேன்.

கையில் வாங்கியதும் எல்லாரும் எடுத்தது நாடாவைத்தான். இரண்டு முனையும் கூராக, நடுவில் தார் நூல் சிவப்பில் அச்சாகி, அசல் நாடா மாதிரியே இருந்தது. அழகு அதோடு சரி. எழுத உட்கார்ந்தால் ஒன்றரை விரல் அகலம். ‘பாவு 14’ என்று எழுதினால் தாள் முடிந்துவிடும். மூன்றாம் நாளே முனைகள் நாய்க்காது மாதிரி மடங்கிக்கொண்டன.

பூவின் சிக்கல் வேறு. இந்தத் தாள்களில் பசை முதுகு முழுக்க இருக்காது. மேல் ஓரத்தில் ஒரு பட்டையாகத்தான் தடவுவார்கள். பிறகுதான் டை என்கிற அச்சில் வைத்து வெட்டு. பூ வடிவம் வெட்டும்போது இதழுக்கு இதழ் விழுகிற இடைவெளியில் பாதிப் பசை கழிவோடு போய்விடுகிறது. மிச்சம் மேல் இதழ் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான். மின்விசிறியைப் போட்டதும் பூ உதிர்ந்தது. பசை வருகிற ஓரம் நேர்கோடாக இருக்க வேண்டும் என்று அச்சகத்துக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்கவில்லை.

இந்தப் பசையே ஒரு தோல்வியில் பிறந்ததுதான். 1968-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் கெட்டியான பசை ஒன்றுக்கு முயன்றபோது, லேசாக ஒட்டி லேசாகப் பிரிகிற பசை வந்து சேர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பல வருஷம் கிடந்தது. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளத் தாள் விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில், அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை 1974-ல் அதற்கு வேலை கண்டுபிடித்தார். 1980-ல் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. பசைக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள். அங்கங்கே மட்டும் தொடுவதால்தான் தாள் கிழியாமல் உரிந்து வருகிறது.

தறிக்கூடத்திலும் ஒட்டிப் பார்த்தேன். அங்கே அது ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. பஞ்சுத் தூசி அந்த உருண்டைகளில் அப்பிக்கொள்ளும். தறிச் சட்டத்தில் காலையில் ஒட்டியது மத்தியானம் தரையில் கிடந்தது. சுண்ணாம்புச் சுவரில் இன்னும் மோசம், வெள்ளைப் பொடியோடு கையில் வந்தது. கணக்கு நோட்டு, கம்ப்யூட்டர் திரை, இரும்பு பீரோ, சேலைக் கட்டின் பாலித்தீன் உறை இவற்றிலெல்லாம் நன்றாகவே நின்றது. இன்னொன்று, கீழிருந்து மேலே இழுத்து உரித்தால் தாள் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் உரித்தால் தட்டையாக நிற்கும்.

மடித்த சேலை வடிவம்தான் தேறியது. தலை நேராக இருக்கிறது, பசை முழு அகலத்துக்கும் நிற்கிறது. கீழ் ஓரத்தில் மட்டும் முந்தி நெளிவு. ஆனால் கடைப்பெயர், செல் நம்பர், ஜிஎஸ்டி எண், கோமதி அம்மன் துணை எல்லாவற்றையும் அண்ணாச்சி போடச் சொல்லியிருந்தார். உடல் முழுக்க அடர் மாம்பழ நிறம் வேறு. புளியங்குடி வியாபாரி ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுத எடம் எங்க?” என்றார். அச்சு மையின் மேல் ஜெல் பேனா வழுக்கி, தேய்த்தால் இழுபட்டது. பால்பாயின்ட் பரவாயில்லை.

நாடா டையை வீணாக்க அண்ணாச்சிக்கு மனமில்லை. டைக்குத் தனிக்காசு கொடுத்தாயிற்றே! அதில் பசையில்லாமல் கெட்டி அட்டையில் விலைச்சீட்டு வெட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கி நோட்டுக்குச் சேலை வடிவம், 80 ஜிஎஸ்எம் தாள், முந்திக் கரையில் மட்டும் கலர், ஒரே வரியில் கடைப்பெயரும் நம்பரும். அம்மன் துணை மட்டும் இருந்தே ஆக வேண்டுமாம். மூலையில் சின்னதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.