இசைத்தட்டில் டிரினிடாட்

டிரினிடாடின் கலிப்சோ பாட்டைப் பழைய இசைத்தட்டில் கேட்பதே சுகம். ஊசியின் கரகரப்பைத் தாண்டி மைட்டி ஸ்பாரோவின் குரல் எழும்போது 1956இன் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவே பேசுகிறது. அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினர் கிளம்பிய பின் ஊர் பட்ட பாட்டைக் கேலியாகச் சொல்லும் 'ஜீன் அண்ட் டைனா', என்ன துணிச்சல்! அன்றைய டிரினிடாடுக்குக் கலிப்சோதான் செய்தித்தாள்.

பிறகு வந்த பாடகர் லார்ட் ஷார்ட்டி. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் டோலக்கையும், இரும்புக் கம்பியைத் தட்டி வாசிக்கும் டண்டாலையும் 1970களில் கலிப்சோவோடு கலந்தார், சோகா என்ற புது இசை பிறந்தது. அவருடைய 'இந்திராணி'யைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். பாடகரின் குரலை ஒருமுறை மறந்துவிட்டு, அந்தக் கம்பியின் கணகணப்பை மட்டும் கேளுங்கள். அந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் சென்னையிலிருந்து ஏறியவர்களும் உண்டு.