ஃபோட்டோ ஹவுஸ்: பக்கத்து அறையில் விமர்சகர்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஊர், நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர். அவர் வாழ்ந்த மாளிகை 1949 முதல் ஒளிப்பட அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே ஊரிலுள்ள ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் விடுதியில், படமெடுப்பவர்களுக்கென்றே 'ஃபோட்டோ ஹவுஸ்' என்று ஒரு பகுதி உண்டு. விடுதிக்குள்ளேயே இருட்டறையும் ஸ்டூடியோவும் இருக்கின்றன. ஒரே ஆர்வம் உள்ளவர்களை ஒன்றாகக் குடிவைக்கும் இந்த ஏற்பாடு அங்கே கணினி, பொறியியல், கலை போன்றவற்றுக்கும் இருக்கிறது. ஆனால் ஒளிப்படத்தில் அதன் நன்மையும் தீமையும் வேறு மாதிரி.

நன்மை இருட்டறையில் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தை டெவலப்பரிலும் ஃபிக்ஸரிலும் போட்டு எடுத்துக் கழுவியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஈரத்தில் பளிச்சென்று தெரியும் தாள் காய்ந்தபின் ஒரு சாயல் கறுத்துப்போகும். அந்த இழப்பு மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் தெரியவரும். வகுப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் அச்சிடுகிறவர் அதைத் திருத்த அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். அங்கேயே குடியிருப்பவர் அன்று இரவே மீண்டும் அச்சிடலாம். ஸ்டூடியோவிலும் இதே கதைதான். விளக்கைச் சற்றே நகர்த்தி நகர்த்தி ஒரு முகத்தில் நிழல் விழும் விதத்தைப் படிக்க, அலுக்காமல் உட்கார ஒருவர் வேண்டும். நள்ளிரவில் அதற்குப் பக்கத்து அறைக்காரரைத் தவிர வேறு யார் வருவார்கள்? கைவேலையில் தேர்ச்சி பெற இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எதைப் படமெடுப்பது என்பதில் நிலைமை தலைகீழ். ராசெஸ்டரில் பனிக்காலம் நீளம். வெளியே போக மனம் வராத நாட்களில் கண்ணில் படுவதெல்லாம் தாழ்வாரம், படுக்கை, ஜன்னலோரத்து நண்பர். எல்லாரும் அவற்றையே எடுக்கிறார்கள், எல்லாரும் அவற்றையே பாராட்டுகிறார்கள். 1950களில் இதே கல்லூரியில் கற்பித்த ஒளிப்படக் கலைஞர் மைனர் வைட், தன் ராசெஸ்டர் வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்தார். அங்கே ஆசிரியரின் பார்வை மாணவருக்குள் இறங்கிவிடும் ஆபத்து இருந்தது; ஆனால் அது யாருடைய பார்வை என்பது தெரியும், எதிர்த்து நிற்கலாம். மாணவர்கள் மட்டுமே வாழும் தளத்திலும் ஒரு ரசனை உருவாகிறது. அதை யாரும் கட்டளையாகச் சொல்வதில்லை என்பதால் அதை அடையாளம் காண்பதே கடினம்.

இங்கே ஒளிப்படக் கலைஞர் புரூஸ் டேவிட்சனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவரும் 1950களின் தொடக்கத்தில் இக்கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் அவரை டேவிட்சனாக்கிய படங்கள் வேற்று மனிதர்களிடம் போய்ச் சேர்ந்ததால் கிடைத்தவை. 1959இல் புரூக்ளின் இளைஞர் கும்பல் ஒன்றோடு சுற்றினார். 1966 முதல் 1968 வரை நியூயார்க்கின் கிழக்கு 100ஆம் தெருவுக்குப் பெரிய கேமராவைச் சுமந்து போனார், அனுமதி கேட்டு எடுத்தார், எடுத்த படங்களின் பிரதிகளை அம்மக்களுக்கே கொடுத்தார். முன்பின் தெரியாதவரின் கதவைத் தட்டும் கூச்சத்தையும் அதை வெல்லும் பொறுமையையும் நண்பர்கள் நிறைந்த தளம் கற்றுத்தராது.

அனுமதி என்றதும் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் குறைக்கு வருகிறேன். தெருவில் போகிறவர் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரே அறையில் உறங்குபவர் என்ன செய்வார்? தூக்கத்தில், அழுகையில், காய்ச்சலில் கிடக்கும்போது எடுத்த படம் வகுப்பில் பாராட்டுப் பெறலாம். நட்பு கெடுமே என்று நண்பர் வாய்திறக்காமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம். தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இத்தகைய இல்லங்களுக்கு உண்டு. படுக்கையறையில் கேட்காமல் கேமராவை எடுக்கக் கூடாது, காட்சிக்கு வைக்குமுன் படத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும், அவர் மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது என்ற மூன்றையும் முதல் நாளே எழுதி ஒட்டலாம்.

முதலாண்டு மாணவருக்கு இந்த வாழ்க்கையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைக்கு வேண்டிய பழக்கம் அந்த ஓராண்டில் படிந்துவிடும். மூன்றாமாண்டில் ஊருக்குள் வேறு தொழில் செய்பவர்கள் நடுவே அறை எடுத்துத் தங்குவது நல்லது. இருட்டறைக்கு வந்துபோகும் உரிமையை மட்டும் கல்லூரி அந்த மாணவருக்குத் தொடர்ந்து தரட்டும். படங்களைச் சுவரில் மாட்டி விவாதிக்கும் மாலைகளில், பொறியியல் தளத்திலிருந்தும் இரண்டு பேரை உட்காரவைக்கட்டும்.