ஸ்லைடரை எந்தப் பக்கம் நகர்த்துவது?

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்து, அதாவது அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும் புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் இறக்குவது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற செயலியைத்தான். இலவசம், மற்ற நிறுவனங்களின் கார்டிலும் ஓடும். (போலித் தளங்கள் பற்றி 2021இல் எம்எஸ்ஐயே எச்சரித்தது, இறக்குவதை அவர்களுடைய தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.) திறந்ததும் கை தானாகப் போவது சிப்பின் வேகத்தைக் கூட்டும் கோர் கிளாக் ஸ்லைடருக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற நடுத்தரக் கார்டில் புதியவருக்கு மிகக் குறைவாகப் பலன் தருவதும் அதுதான் என்பது என் தரப்பு.

முன்பு நிலைமை வேறு. 2012 தொடக்கத்தில் வந்த ரேடியான் எச்டி 7950இன் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ். பல கார்டுகள் 1000ஐத் தாண்டியும் தாங்கின. கால்பங்கு வேகம் சும்மா கிடந்தது. அதே ஆண்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680உடன் ஜிபியு பூஸ்ட் வந்தது. வெப்பத்தையும் மின்செலவையும் பார்த்துக் கார்டே தன் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளத் தொடங்கியது. 3060க்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். காற்றோட்டமுள்ள கேபினெட்டில் அது தானாகவே 1800ஐத் தாண்டிவிடும். நமக்காக விட்டுவைத்திருப்பது கொஞ்சம்தான். ஐந்து சதவீதம் கிடைத்தால் 60 ஃபிரேம் 63 ஆகும். திரையின் மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை ஓடாவிட்டால் அந்த மூன்று யார் கண்ணுக்கும் தெரியாது.

கோர் ஸ்லைடரைக் கூட்டும்போது நடப்பது இதுதான்: ஒவ்வொரு வோல்டேஜுக்கும் இவ்வளவு வேகம் என்று கார்டிடம் இருக்கும் வளைவு முழுவதும் மேலே ஏறுகிறது. வோல்டேஜ் அப்படியே உச்சத்தில் நிற்க, மின்செலவு 170 வாட் வரம்பைத் தொட்டதும் கார்டு பின்வாங்குகிறது. சிப்பின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்க விகிதத்திலும் கூடும். இருக்கும் கொஞ்ச இடைவெளியை வேகத்தில் செலவழித்தால் மூன்று ஃபிரேம். வோல்டேஜைக் குறைப்பதில் செலவழித்தால்? அதே வேகத்தை 1.05 வோல்ட்டுக்குப் பதில் 0.9 வோல்ட்டில் ஓடவைக்க முடிந்தால், கணக்குப்படி சிப்பின் இயங்கு மின்செலவு கால்பங்குக்கு மேல் குறையும். மெமரி, ஃபேன், மின்கசிவு எல்லாம் தனி என்பதால் மொத்தக் கார்டில் அவ்வளவு தெரியாதுதான். ஆனாலும் ஏசி இல்லாத அறையில், சென்னையின் மே மாதத்தில், ஃபேன் இரைச்சல் குறைவதும் வேகம் சரியாமல் நிற்பதும் மூன்று ஃபிரேமைவிடப் பெரிய லாபம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் அந்த வளைவு திறக்கும். 0.9 வோல்ட் புள்ளியைத் தேவையான வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளதைத் தட்டையாக்க வேண்டும். இவ்வளவு முக்கியமான வசதியை முகப்பில் எடுப்பாகக் காட்டாததுதான் இந்தச் செயலியின் பெரிய குறை.

காசில்லாமல் கிடைக்கிற மூன்று ஃபிரேமை ஏன் விட வேண்டும் என்று கேட்கலாம். காசுதான் இல்லை, விலை உண்டு. கார்டைச் சோதித்து ஸ்கோர் தரும் சூப்பர்பொசிஷன் செயலியைப் பிசகின்றி முடித்த அமைப்பு, ரே டிரேசிங் உள்ள கேமில் கவிழலாம். கார்டு பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் இரண்டு விநாடி பொறுத்துவிட்டு டிரைவரை மீட்டமைக்கும். பெரும்பாலும் கேமும் அதோடு போகும். வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட்டும் கவிழுமே என்பது நியாயமான மறுப்பு. கவிழும், சோதனை இரண்டுக்கும் ஒன்றே. அதே உழைப்புக்கு எது அதிகம் திருப்பித் தருகிறது என்பதே என் கேள்வி. கார்டு எரிந்துவிடும் என்ற பயம் மட்டும் பெரும்பாலும் வீண். வோல்டேஜுக்கும் வெப்பத்துக்கும் என்விடியா வைத்த பூட்டை இந்த ஸ்லைடர்கள் திறப்பதில்லை.

மெமரி விஷயத்தில் என் தரப்பு கொஞ்சம் தளரும். 3060இன் மெமரியை 7500 மெகாஹெர்ட்ஸிலிருந்து 8000க்கு ஏற்றினால் அலைவரிசை விநாடிக்கு 360 ஜிகாபைட்டிலிருந்து 384 ஆகும். அதை நம்பியிருக்கும் கேம்களில் பலன் தெரியும். 3080 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் இதற்கும் ஒரு பொறி உண்டு. பிழையாகப் போன தரவு மீண்டும் அனுப்பப்படுவதால், எல்லை தாண்டினாலும் திரை கெடாது; ஸ்கோர்தான் சத்தமில்லாமல் இறங்கும். ஆகவே ஐம்பது ஐம்பதாக ஏற்றி ஒவ்வொரு முறையும் ஸ்கோரைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த அமைப்பானாலும், நீங்கள் வழக்கமாக ஆடும் கேம்களில் சில வாரம் தாங்கிய பிறகே விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஏற்றும் பொத்தானை அழுத்துங்கள்.